பித்தளைப் பின்னும் சாப்போட ஷூவும்

அன்னைக்கு லேப் வாசல்ல இருந்தது அஞ்சு பேரு. லேபுக்கே பெரிய ஆபீசர் நாட்கர்ணி சாப். மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சி. வாட்ச்மேன் கணபத். பிஎச்டி படிச்சுக்கிட்டிருந்த மாட்டுங்கா வசந்தி. ஜாடு போட்டுக் கூட்டுற நான், செல்லத்தாய்.

அதுல அண்ணாச்சி நேத்து காலையில கோவண்டி வீட்டுல போயிட்டாரு. நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கல.

அவரு இருக்கும்போது எழுதாதே எழுதாதேன்னாரு. இப்ப எழுதுதேன்.

செம்பூர்ல நாங்க வேலை பார்த்தது கல்லுல காந்தம் பார்க்கிற லேப். மலையில துளை போட்டு எடுத்த கல்லு, பெருவிரல் தண்டிக்கு உருளையா வரும். அதை மெஷினுக்குள்ள வச்சுச் சுத்தவிட்டா, உள்ள இருக்கிற துளியூண்டு காந்தம் நம்பரா வரும்.

"இந்தப் பாறை நெருப்புக் குழம்பா இருந்து ஆறுன அன்னைக்கு வடக்கு எந்தப் பக்கமோ, அதை இன்னும் புடிச்சு வச்சிருக்கு. ஒன்னை மாதிரிதாம்ட்டி, லேசுல விடாது"ன்னு அண்ணாச்சி என்னைக் கிண்டல் பண்ணுவாரு.

பக்கத்துல இரும்பு வந்தா நம்பர் கெட்டுப்போகும். அதனால வாசல்ல ஒரு மரத்தட்டு. சாவி, பெல்ட், ஹேர்பின்... எல்லாம் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். சந்தேகம்னா ஒட்டிப் பார்க்க, ஒரு காந்தத் துண்டு அங்கேயே நூல்ல தொங்கும்.

நான் சேலைக்குப் பின் குத்தாம, முந்தானையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு கூட்டுவேன். அதைப் பார்த்துட்டு அண்ணாச்சி மாட்டுங்கா மார்க்கெட்ல பித்தளைப் பின் ஒரு அட்டை வாங்கிட்டு வந்தாரு. "இது காந்தத்துல ஒட்டாது. தைரியமா குத்திக்கோ." என் ஜாடுல சுத்தியிருந்த கம்பியையும் அவுத்துட்டு, அவரே நூல் கட்டித் தந்தாரு.

எல்லாரும் செருப்பை வெளிய விட்டுட்டுப் போவோம். சாப் மட்டும் ஷூ கழட்ட மாட்டான். ஃபாரின்ல வாங்குன புது ஷூ. அவன்கிட்ட யாரு கேக்கது?

மூணு வாரமா நம்பர் தாறுமாறா குதிச்சுது.

ஒருநாள் குழாய்கிட்ட வச்சு வசந்தி என் காதுல சொன்னா. "செல்லம்மா, சார் மெஷின் கிட்ட வந்தா நம்பர் எகிர்றது, வெளியே போனா அடங்கிடறது. அந்த ஷூவுக்குள்ள இரும்புத் தகடு இருக்கு. யார்ட்டயும் சொல்லிடாதீங்கோ... என் தீசிஸ்ல அவர்தான் கையெழுத்துப் போடணும்."

மறுநாள் காலையில வாசல்லயே சாப் என்னைப் பார்த்துக் கத்தினான். "தூ ஹீ லாயி ஹை லோஹா! பின் நிகால்!" இரும்பைக் கொண்டு வந்தது நான்தானாம், பின்னைக் கழட்டணுமாம்.

"பித்தளை சாப்..." சொல்லி முடிக்கல. பின்னைத் தோளோட சேர்த்துப் புடிச்சு இழுத்தான். ஜாக்கெட் கிழிஞ்சு, சதையும் கிழிஞ்சு, முந்தானை தரையில. ரத்தம் மார்ல வழியுது. அத்தனை பேரு முன்னால.

அண்ணாச்சி முன்னால வந்தாரு. கீழ கிடந்த பின்னை எடுத்து காந்தத் துண்டுல வச்சாரு. ஒட்டல.

அப்படியே நூலை அறுத்து, குனிஞ்சு, காந்தத்தை சாப்போட ஷூ ஓரத்துல வச்சாரு. டக்குனு கவ்விக்கிச்சு.

சாப் அந்தக் காலாலயே அண்ணாச்சி மூஞ்சியில மிதிச்சான். மூக்கு உடைஞ்சுது.

அண்ணாச்சி அடிச்சது அதுக்கு அப்புறம்தான். நல்லா வாசிச்சுக்கிடுங்க... அப்புறம்தான்.

காலைப் புடிச்சு இழுத்து மல்லாக்கத் தள்ளுனாரு. ஷூவை உருவுனாரு. "இதை வெளிய கழட்டிப்போட்டுட்டு வால!"ன்னு வாயிலயே ஓங்கிப் போட்டாரு. ரெண்டு பல்லு தெறிச்சுது. ஒண்ணு போயி மரத்தட்டுல சாவிக்கு நடுவுல விழுந்துச்சு.

கணபத் லத்தியால அண்ணாச்சியோட வலது மணிக்கட்டுல அடிச்சான். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

என்கொயரி வச்சாங்க. குடிச்சிட்டு வந்து சாப்பை அடிச்சாராம். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன்!

நான் ஒண்ணுவிடாம சொன்னேன். ஜாடுவாலி பேச்சை எவன் எழுதுவான்? பேனாவைத் தொடவே இல்ல. "அந்த வசந்திப் பொண்ணைக் கேளுங்க, அவளுக்கு எல்லாம் தெரியும்"னு கத்தினேன்.

கேட்டாங்க. தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா, "அவர் அடிச்சதை மட்டும்தான் பார்த்தேன்."

வேலை போச்சு. குடிகாரன்ங்கிற பேரு நின்னுச்சு. மகளுக்குப் பேசி வச்ச கல்யாணமும் அந்தப் பேராலதான் முறிஞ்சுது. கோணிப்போன கையை வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா கோவண்டியில மிக்சி ரிப்பேர் பார்த்தாரு.

போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். "வசந்திகிட்ட உண்மையை எழுதி வாங்கிட்டு வரட்டுமா அண்ணாச்சி?"

"விடுட்டி. அவனுக்கு ரெண்டு பல்லு போச்சுல்லா?" சிரிச்சாரு... சிரிச்சு இருமி, தண்ணி கேட்டாரு.

அந்த சாப் படுக்கையில நாறிச் செத்தான். அவனை விட்டுட்டேன். நேத்து சாயங்காலம் கணபத் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான், சின்னப் புள்ளை மாதிரி அழுதான். அவனையும் விட்டுட்டேன்.

அண்ணாச்சி, நல்லபடியா போங்க. நீங்க வாங்கித் தந்ததுல கடைசிப் பின்னு இந்தா, என் தோள்லதான் குத்தியிருக்கு.

இன்னைக்குக் காலையில ஒருத்தி அண்ணாச்சி போட்டோவைப் போட்டு, "ரெஸ்ட் இன் பீஸ் சார், மெஷினைத் தொடச் சொல்லிக் கொடுத்தவர்"னு எழுதியிருக்கா. பேத்தி போன்ல காட்டி, இங்கிலீஷை வாசிச்சுச் சொன்னா. கீழ வரிசையா கும்பிடு போட்டிருக்காங்க.

ஒன்னை மட்டும் விடமாட்டேன், புரொஃபசர் வசந்தி.