காலி இருக்கையின் பெல்ட்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். ராணுவ ஹெலிகாப்டர் விமானியாகத் தொடங்கி ஜெனரலாக ஓய்வு பெற்ற எங்கள் ஊர்க்காரருக்குச் சிதம்பரத்தில் பாராட்டு விழா. வாழ்த்துரை வழங்கும் பெருமை எனக்கு. கடலூரிலிருந்து அவரே காரை ஓட்டினார். தம் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு, என்னைப் பின்னால் அமரச் சொன்னார்.

வழியில் குடிகாடு என்ற ஊரைத் தாண்டியதும் உரையைச் சொல்லிக் காட்டினேன்: "பனிப்புயலில் சிக்கிய ஹெலிகாப்டரைத் தன்னந்தனியாக மீட்டு வந்த மாவீரரே!" அந்தத் 'தன்னந்தனியாக'வுக்கு அரங்கம் அதிரும் என்று நம்பியிருந்தேன்.

அப்போது முன்னாலிருந்து எச்சரிக்கை மணி ஒலித்தது. பெல்ட் போடாமல் ஆள் அமர்ந்தால் ஒலிக்கும் மணி அது.

ஜெனரல் வண்டியை ஓரங்கட்டி, காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

"கோச்சுக்காத மச்சான், பையனுக்குத் தெரியாது" என்றார் இருக்கையிடம். பிறகு என்னிடம் திரும்பினார்: "அன்னிக்கு நான் மயங்கிக் கெடந்தேன் தம்பி. கூட வந்த விமானிதான் ஓட்டினு வந்து எறக்குனான். எறக்கிட்டுத்தான் உசுர உட்டான். மெடல எனக்குக் குடுத்துட்டாங்க."

வண்டி மீண்டும் நகர்ந்தது. பெல்ட், ஓர் ஆளின் மார்பளவுக்குப் புடைத்தே நின்றது.

நான் அந்த இருக்கையைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "ஐயா, இன்னிக்கு மேடையில மொத வணக்கம் ஒங்களுக்குத்தான்."