நோவு வருவதற்கு முன் விழுந்த அடி

அப்பாவுக்கு மூளையில் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நிம்மதி. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருடம் அவர் போக்கே மாறிப்போனது. கம்பைநல்லூர் கடைவீதியில் முன்பின் தெரியாத ஒருவரை அறைந்தார். டீக்கடை பெஞ்சைத் தூக்கி எறிந்தார். சேலத்தில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது, கோபத்தை அடக்கும் இடம் அது, இனி அவர் செய்வதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டு மூன்று வருடமாக இருக்கலாம் என்றார். கூட வந்திருந்த பெரியப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

"பாவம், அந்தக் காலத்துலயே இந்த நோவு இருந்திருக்கு. அதான் உங்கம்மாவ அப்பப்ப கை நீட்டிட்டான்" என்றார், பஸ்ஸில் திரும்பும்போது.

அப்பப்பவாம்! நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவின் கையை உடைத்தவர் அவர். புளி மண்டி வைத்திருந்தார். வாடிக்கையாளர் என்ன சீண்டினாலும் மண்டியில் அவர் குரல் உயராது. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் அடிப்பார். வெளியே தெரிந்துவிடும் என்று முகத்தில் அடிக்க மாட்டார். இவ்வளவு யோசித்து அடித்தவருக்கு மூளையில் என்ன குறை?

பெரியப்பா விடவில்லை. முனியப்பன் கோயிலில் பூவாக்குக் கேட்க ஏற்பாடு செய்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி எடுப்பது வெள்ளையாக இருந்தால் நோவு, சிவப்பாக இருந்தால் செய்வினை. மனுசன் தானாகவே செய்தான் என்பதற்கு ஒரு பொட்டலம் கட்ட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளை வந்தது.

"சாமியே சொல்லிருச்சு. மன்னிச்சுட்டேன்னு மனசாரச் சொல்லி நீயே கற்பூரத்த ஏத்தும்மா" என்று அம்மாவிடம் தட்டை நீட்டினார்.

அம்மா வாங்கவில்லை. "இப்ப அடிக்கறது நோவுங்க மாமா, அத நான் மனசுலயே வெக்கல. அப்ப அடிச்சத மன்னிக்கச் சொல்லாதீங்க."

கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அப்படிச் சொன்ன வாய்களில் ஒன்றுகூட அப்பாவுக்கு ஒரு வேளை சோறு ஊட்ட வரவில்லை. ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும், அதற்கும் சேர்த்து அடி வாங்குவதும் அம்மாதான். இன்றைய அப்பாவிடம் எனக்குக் கோபமில்லை. நான் கோபப்பட வேண்டிய ஆள், யாரும் ஒரு வார்த்தை கேட்பதற்குள், தப்பித்துப் போய்விட்டார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

போன வாரம் பெரியப்பா பார்க்க வந்தார். அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நலம் விசாரிக்கக் குனிந்தவரின் கன்னத்தில் அப்பா ஓங்கி ஒன்று வைத்தார். ஆயுசுக்கும் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்!

பெரியப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "இவன எதுக்கு இப்பிடி அவுத்து வுட்டு வெச்சிருக்கீங்க? கட்டிப் போடுங்க!"

அப்பாவின் வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"நோவாளியக் கட்டிப் போடக் கூடாதுங்க மாமா. நல்லா இருந்தாரே, அப்ப நீங்க கட்டிப் போட்டிருக்கணும்."