மேனேஜர் பங்களாவில் ஊற்றிய சிவப்பு ஒயின்

எண்பதுகளின் தொடக்கத்தில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் பள்ளியில் நான் டீச்சர். என் கணவர் அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பழம் பறித்து முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனேஜர் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரி கம்பவுண்டரையும் பங்களாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பாடு ஒரு சாக்குதான். தனக்கு ஒயின் குடிக்கத் தெரியும் என்பதை நாங்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மனிதர் மதராஸ்காரர். வெள்ளைக்காரர்கள் போகும்போது தன்னை மறந்து விட்டுவிட்டுப் போனதுபோல, முழங்கால் வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு எஸ்டேட்டைச் சுற்றுவார்.

கை கழுவச் சமையலறைப் பக்கம் போனபோது பாட்டிலைப் பார்த்துவிட்டேன். திருகு மூடி. கோணலாக ஒட்டிய லேபிள். பாண்டிச்சேரி பிராந்திக் கடைகளில் யாரும் சீண்டாத கீழ்த்தட்டில் தூசி படிந்து நிற்கும் வகை. கூடத்துக்கு வந்தால் அதே சரக்கு பூ வேலை செய்த கண்ணாடி ஜாடிக்குள் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றினார். உடனே குடித்துவிடக் கூடாதாம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை விட்டு மோந்து பார்க்க வேண்டும். கம்பவுண்டர் சுழற்றிய வேகத்தில் பாதி அவர் சட்டையில் போயிற்று.

"என்ன வாசனை வருது?" என்றார் மேனேஜர்.

"திராட்சைங்க."

"ரோஜா வரலையா?"

கம்பவுண்டர் மறுபடி மோந்தார். "ரோஜாவும் வருதுங்க."

அடுத்தது என் கணவர். வீட்டில் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளி வைக்கிற மனிதர். ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நொம்ப அருமைங்க. தொண்டைல பட்டாட்டம் எறங்குதுங்க."

நானும் குடித்துப் பார்த்தேன். முதலில் இனிப்பு, வெல்லப்பாகு போலக் கெட்டியாக. அது விலகியதும் அடியில் ஒளிந்திருந்த புளிப்பு வந்தது. பழத்தின் புளிப்பல்ல, மூடி வைத்து மறந்துபோன சாறு காடியாகிப்போன புளிப்பு. கடைசியில், கொய்யாப் பிஞ்சைக் கடித்தது போல நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு ஒன்றுதான் அதில் வேஷம் போடாமல் இருந்தது. வாசனையைப் பொறுத்தவரை ரோஜாவும் இல்லை, திராட்சையும் இல்லை. சுத்தமான இருமல் மருந்து.

"டீச்சர் என்ன சொல்றீங்க?"

"புளிச்சுப் போனத மறைக்கச் சீனியக் கொட்டியிருக்காங்க சார். அப்பவும் மறையலைங்க."

என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான், பரிமாற நின்ற மேனேஜரின் மனைவி சிரித்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. "இதைத்தானே நான் மூணு வருஷமா சொல்றேன்!"

"உங்களுக்கெல்லாம் பழக்கமில்லை. பழகினா பிடிக்கும்," என்றார் மேனேஜர். நாட்டில் பாதி அநியாயங்களுக்கு இதே சமாதானத்தைத்தான் சொல்கிறார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் கணவர் பொருமினார். "உனக்கு வாய் சும்மா இருக்காதா? என் வேலைக்கே ஒல வெச்சுட்டியே!"

"பட்டாட்டம் எறங்குச்சுன்னீங்களே, இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடிச்சிருக்கலாமுங்களே?"

"அத மனுசன் குடிப்பானா?" என்றார்.

நாலைந்து நாள் கழித்து மேனேஜரின் மனைவி என்னை மட்டும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனால், அந்தம்மா சமையலறையில் ஒரு ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எஸ்டேட் ஆரஞ்சில் தானே போட்ட ஒயினாம். மேனேஜர் அதை விருந்தினர் முன்னால் வைக்க விடுவதில்லையாம்.

"நீங்கதான் உண்மையைச் சொல்றவங்க. சொல்லுங்க."

ஆசையோடு கேட்டார். எப்படியாவது நன்றாக இருந்துவிட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டுதான் குடித்தேன். ஆரஞ்சைத் தோலோடு போட்டிருந்தார், கசப்பு தலைக்கேறியது. போதாததற்கு ஜாடியின் பழைய ஊறுகாய்க் காரம் வேறு.

"சார் வாங்கினதே தேவலைங்கம்மா," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. தானும் ஒரு வாய் எடுத்தார். அடுத்த நொடி தொட்டியில் துப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். இருவருமாக ஜாடியைத் தூக்கிப்போய்ப் பின்பக்கத்துச் சவுக்கு மரத்தடியில் கொட்டினோம். பிறகு நல்ல காப்பி போட்டுக் குடித்தோம். அதற்கப்புறம் பள்ளி விட்டதும் நான் அந்தப் பக்கம் போவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் அந்தம்மா ஒரு காரியம் செய்துவிட்டார். நான் சொன்னதை அப்படியே தன் கணவரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் பள்ளி வாசலில் ஜீப்பை நிறுத்தினார். "டீச்சர், உங்களுக்கு நல்ல நாக்கு. ரெண்டையும் குடிச்சுப் பார்த்து எது உசத்தின்னு சொல்லிட்டீங்களே!"

அன்றிலிருந்து பெங்களூரிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் எல்லாம், எங்கள் பள்ளி டீச்சருக்கு ஒயின் தெரியும் என்று என்னைக் காட்ட ஆரம்பித்தார். வேலை போய்விடும் என்று பயந்த என் கணவர், "எங்கூட்டுக்காரிக்குத் தெரியாததாங்க?" என்று கூடவே தலையாட்டினார்.

அடுத்த வருடம் பறிப்பு முடிந்த விருந்தில் மேனேஜர் முதல் கிளாஸை என்னிடம்தான் நீட்டினார். கம்பவுண்டரும் என் கணவரும் கிளாஸை வாயில் வைக்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். குடித்தேன். முன்னதைவிட மட்டம்.

"போன வருசத்தது தேவலைங்க சார்."

மேனேஜர் கண்ணை மூடி, ஒரு வாய் எடுத்து, மெதுவாக விழுங்கினார். "நானும் அதையேதான் நினைச்சேன்," என்றார்.