இடது ஷூவுக்குத் தெரிந்தது

எங்கள் ஷூ சோதனைக்கூடத்தில் குதிப்பதை வேலையாகச் செய்தவர்கள் சிலர் இருந்தாலும், காற்றில் மிதந்தவள் வெட்டுக்கிளி ஒருத்திதான். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முப்பத்தாறு வயது. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "ஒருத்தர் ஆளுங்களை மேல ஏத்துறாரு, ஒருத்தி மேலேருந்து குதிக்கிறா, நல்ல ஜோடிதான் போ" என்று நான் கிண்டல் செய்வேன்.

ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்கான ஷூக்களைப் போட்டுக்கொண்டு, மரச் சரிவில் பலகையோடு உருண்டு வந்து, ஐந்து படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். நாளுக்கு அறுபது தடவை. இறங்கியதும் எப்படி இருந்தது என்று வாயால் சொல்லவும் வேண்டும். மற்றவர்கள் 'கல்லு மாதிரி' என்பார்கள், 'பரவாயில்லை' என்பார்கள். இவள் மட்டும் "தரை இன்னும் தூங்கிட்டு இருக்கு சார்" என்பாள். இன்னொரு நாள் "மழைக்கு முன்னாடி இருக்கிற மாதிரி இருக்கு" என்பாள். பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். கருவி காட்டும் எண்ணோடு அந்தப் பேச்சு எப்படியோ ஒத்துப்போய்விடும்.

நான் ஷூக்களுக்கு அடிப்பாகம் ஒட்டுபவள். என் மேசை படிகளுக்கு நேர் எதிரில் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு உயரத்து ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அந்த வெளிச்சத்துக்குள் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரங்கள் மரத்தில் கடகடவென்று வரும். திடீரென்று சத்தம் அறுந்துவிடும். அப்போது அவள் மேலே இருக்கிறாள் என்று அர்த்தம். பசைத் தூரிகையைப் பிடித்த என் கை அப்படியே நின்றுவிடும். அவள் இறங்கும்வரை நானும் தரையில் இல்லாதது போலிருக்கும்.

"மேல இருக்கறப்ப என்னடி நினைப்ப?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணும் நினைக்கறதில்லக்கா. மாமியார், துவைக்காத துணி, சிங்க்ல கிடக்கிற பாத்திரம் எல்லாம் கீழயே நின்னு என்னை அண்ணாந்து பாத்துட்டு இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இறங்கித்தானே ஆகணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஆண்டு வந்த ஷூ மகா புத்திசாலி. அதன் அடிப்பாகத்துக்குள் நகமளவு ஒரு சில்லு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காற்றறைகள். கால் எப்படி இறங்குகிறது என்று கவனித்து, அடுத்த தடவைக்கு அறைகளை இறுக்கவோ தளர்த்தவோ செய்யும். நூறு குதிப்புக்குள் போட்டிருப்பவரின் காலைப் படித்துவிடும். பிரித்து ஒட்டினாலோ, ஆள் மாறினாலோ, குதிகால் பக்கத்துப் பொத்தானைப் பத்து எண்ணும்வரை அழுத்தி, படித்ததை மறக்கடிக்க வேண்டும். அதுவும் என் வேலைதான்.

சோதனைக்கு வந்தது ஒரே ஒரு ஜோடி, அவள் அளவில். அதில்தான் தகராறு ஆரம்பித்தது. வலது அடிப்பாகம் திடமாக நிற்க, இடது மட்டும் எப்போதும் தளர்ந்துபோயிற்று. இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது பொறியாளரின் கணக்கு. "ஒட்டினதுல ஏதோ குறை" என்றார். பிரித்து ஒட்டினேன். நூறு குதிப்புக்குப் பிறகு மறுபடி தளர்ந்தது. மறுபடி பிரித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் இதே கூத்து. பதினோரு தடவை. வெட்டுக்கிளி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடிப்பாள், டீ வாங்கி வந்து வைப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"கை கொஞ்சம் தடுமாறுதோ?" என்று பொறியாளர் ஒரு நாள் கேட்டார். இருபத்திரண்டு வருடம் பசை வாடையிலேயே வாழ்ந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! வியாழன் மாலைக்குள் சரியாகாவிட்டால் ஒட்டும் வேலை இயந்திரத்துக்கு, நான் அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு என்று முடிவாயிற்று.

வியாழன் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அளவுதான் என் காலும். அப்படி என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று அந்த ஜோடியை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

வலது பக்கம் வெறும் தரையாகத் தெரிந்தது. இடது பக்கம் வேறு மாதிரி. கால் கீழே முழுதாகப் பதிவதற்குள் ஏதோ ஒன்று அதை வாங்கிக்கொண்டது. தூங்குகிற குழந்தையைக் கைமாற்றி வாங்குவது போல, அவ்வளவு ஜாக்கிரதை. இன்னும் பத்து அடி நடந்தேன். ஆளில்லாத கூடத்தில், அந்த வெயிலில், நான் நொண்டிக்கொண்டிருந்தேன். என் காலில் ஒரு நோவும் இல்லை. இது யாருடைய நோவு?

படியில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. மாடிப்படியில் எப்போதும் ஒரே காலை முன்னே வைத்து இறங்குவதும் நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் இவளுடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன், முட்டாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். என் காலில் அந்த ஷூக்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எத்தனை வருஷமாடி?"

"நாலு. குதிகால் எலும்பு உடைஞ்சுது. சேர்ந்துடுச்சுன்னு சொன்னாங்க. சரியா சேரலக்கா."

"பதினோரு தடவைடி! பதினோரு தடவை பிரிச்சு ஒட்டினேன். பக்கத்துல உக்காந்து விளக்கு வேற பிடிச்ச!"

"சொன்னா பலகையிலேருந்து இறக்கிடுவாங்க. தரையில நான் யாரு அக்கா?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் பொறியாளரிடம் போகவும் கால் எழவில்லை. ஷூவைக் கழற்றி, குறை என் கையிலேயே இருக்கட்டும் என்று, குறையே இல்லாத அந்த இடது அடிப்பாகத்தில், பன்னிரண்டாவது தடவையாகக் கத்தியை வைத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாங்க்கா. நீங்க ஒவ்வொரு தடவை பிரிக்கறப்பவும் அது என்னை மறந்துடுது. மறுபடி நூறு தடவை வலிச்சுத்தான் அதுக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். அவள் ஷூவை வாங்கிக்கொண்டு நேராகப் பொறியாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்த் திறந்திருந்த கதவருகில் நின்றேன்.

"சார், அக்கா ஒட்டினதுல குறை இல்ல. என் கால்லதான் குறை."

அவர் வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஷூ சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நாமதான் அதைப் போட்டுப் பாடாய்ப் படுத்தியிருக்கோம்" என்றார். என்னைப் பார்த்து மன்னிப்பும் கேட்டார். அவளிடம் திரும்பினார். "ஆனா உங்களை இனிமே குதிக்க விட முடியாதும்மா. மத்தவங்க குதிக்கட்டும். அவங்க சொல்றதைக் கேட்டு நீங்க எழுதுங்க. உங்க வாய் இல்லாம எனக்கு வேலை ஓடாது."

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து தன் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு, பலகையில் ஏறி, சரிவில் ஒரே ஒரு தடவை உருண்டாள். மேசைக்குத் திரும்பித் தூரிகையை எடுத்த என் கை பழக்கத்தில் நின்றது. சக்கரச் சத்தம் அறுபடவே இல்லை. படிகளுக்கு முன்னால் திரும்பி, தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்த ஜோடியை நான் எடுத்துக்கவா சார்? நடக்கறதுக்கு" என்று கேட்டாள். சோதனை முடிந்ததை எடுத்துப் போகலாம். ஆனால் படித்ததை அழித்துவிட்டுத்தான் தர வேண்டும், அது விதி.

வலது ஷூவின் பொத்தானை அழுத்தினேன். பத்து எண்ணியதும் சின்ன விளக்கு அணைந்தது. இடதை எடுத்தேன். ஐந்து, ஆறு, ஏழு. விரலை எடுத்துவிட்டேன். விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டு எரிந்துகொண்டே இருந்தது.

"அழிச்சாச்சா?" என்றார் பொறியாளர்.

"ஆச்சு சார்" என்றேன்.

அவள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்றாள். இடது காலைத் தூக்கி, மெதுவாக வைத்தாள். மறுபடி தூக்கி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் பசை டப்பாவின் மூடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.