டீச்சருக்குத் திறக்காத கேட்

சனிக்கிழமை மதியம் செல்வியிடமிருந்து போன் வந்தது. நிட்டிங் மிஷின் சத்தத்தில் முதலில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து காதில் வைத்தேன். "சார், டீச்சர் போயிட்டாங்க" என்றாள். 

மரியபுஷ்பம் டீச்சரை நம் ஊரில் அறியாதவர்கள் குறைவு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு பனியன் கம்பெனிப் பெண்களைத் திரட்டி, நம் விளையாட்டு அரங்கத்தின் மண் மைதானத்தில் ஞாயிறுதோறும் கபடி சொல்லிக்கொடுத்தார். செல்வி ஓவர்லாக் டெய்லர். அந்த அணியின் கேப்டன். அரங்கக் குழுவில் நான் துணைச் செயலாளர்.

முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணமான பெண்கள் சுடிதார் ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டுக்குள் இறங்கினார்கள். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "பாக்க வந்தா உக்காந்து பாருங்க. சிரிக்கதுக்கு வந்தா கேட்டு அங்கன இருக்கு." சிலர் போய்விட்டார்கள். செல்வியின் கணவர் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவரே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு உள்ளரங்கம் கட்டினோம். கபடி மேட் எல்லாம் வாங்கிப் போட்டோம். திறப்பு விழாவில் விருந்தினர்களைப் பன்னீர் தெளித்து வரவேற்க, அந்தப் பெண்களைப் பட்டுச்சேலை கட்டிவரச் சொன்னார் செயலாளர். "ஆடதுக்கு வந்த பிள்ளைங்க சார். தட்டு தூக்கதுக்கு வேற ஆளப் பாருங்க" என்றார் டீச்சர். விழா உள்ளே நடந்தது. அவர்கள் வெளியே மண்ணில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கியவர், ஒரு ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். எங்கள் செயலாளருக்கு அது பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளரங்கம் கல்யாணங்களுக்கும் துணிக் கண்காட்சிக்கும் போயிற்று. பெண்கள் அந்த மேட் மீது ஆடியது மொத்தமே சில வாரங்கள்தான். டீச்சர் சண்டை போடவில்லை. மண் மைதானத்தில் கார்களை நிறுத்த வந்தவர்களை மட்டும் நடுக்கோட்டில் நின்று திருப்பி அனுப்பினார்.

அவர் இறந்த மறுநாளும் ஞாயிறு. உள்ளரங்கில் கல்யாண வரவேற்பு. காலையிலேயே செல்வியும் மற்றவர்களும் எங்களிடம் வந்தார்கள். "உள்ளார வேண்டாமுங்க. மண் கிரவுண்டுல பத்து நிமிசம் பெட்டிய வெச்சுட்டு, கல்லறைக்கு எடுத்துட்டுப் போயிடறமுங்க."

செயலாளர் தலையை ஆட்டினார். "நல்ல காரியம் நடக்கற எடமுங்க. வேற நாளா இருந்தாப் பரவால்லீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு நாம என்னன்னு பதில் சொல்றது?"

செல்வி என்னைப் பார்த்தாள். மைதானத்துக் கேட்டின் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. 

ஆனாலும் அமரர் ஊர்தி வந்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே, சாலையோரம் நின்றது. பெண்கள் வெயிலில் நின்றபடி மாலை போட்டார்கள். உள்ளிருந்து சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சட்டென்று பாட்டு நின்றது. கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"யாருங்க அது?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

"எங்களால ஒன்னும் தடையில்லீங்க. கேட்டத் தொறந்து விடுங்க."

அப்போதுகூட என் கை பைக்குப் போகவில்லை. செயலாளரின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. மணப்பெண் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத அந்த டீச்சரைக் கும்பிட்டாள்.

இப்போது குழு அஞ்சலிக் கூட்டம் நடத்துகிறது. பெரிய படம், பூ அலங்காரம், ஏசி போட்ட அதே உள்ளரங்கம். அழைக்கப் போனேன். "நாங்க வரலீங்க. நீங்க பேசுங்க" என்றாள் செல்வி. குரலில் கோபம் இல்லை. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

டீச்சரை அறிந்தவர்களே, மேடையில் நான் என்ன பேசுவது? ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, "மழக்காலம் வருது சார். ஞாயித்துக்கிழம பிள்ளைங்கள உள்ள விடுவீங்களா?" என்று கேட்டார். "பார்க்கலாம் டீச்சர்" என்றேன். என்னை நன்றாக அறிந்தவர்போல் சிரித்தார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.