பத்தாவது கட்டர்

கோவிந்தராஜனைப் போல முகம் சுளிக்கிற ஆளைப் பூனா முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறினால் பக்கத்தில் உட்காருகிறவனின் வியர்வை அவருக்கு ஆகாது. டீக்கடையில் கிளாஸைக் கழுவுகிற வாளித் தண்ணீரைப் பார்த்தால் குமட்டும். அடுத்தவன் கை பட்ட டெலிபோனைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். "மனுசங்கள வுட்டுட்டு ஒரு மிசினக் கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீ" என்று விசாலம் கல்யாணமான மாசமே சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவில்லை.

அப்பா ஆரணிக்காரர். ராணுவ டிப்போவில் வேலை கிடைத்து வந்து குவார்ட்டர்ஸிலேயே காலத்தைத் தள்ளியவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து, எண்பத்தொன்றில் போசரியில் தாம்லே சாஹேபின் பட்டறைக்கு மில்லிங் வேலைக்கு வந்தார். கம்ப்யூட்டரால் ஓடும் சி.என்.சி. மெஷின் வந்தபோது அதற்கும் அவரையே போட்டார்கள். பட்டறையில் மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் அழுகி முட்டை நாற்றம் அடிக்கும். இரும்புத் தூள் தட்டில் எவனாவது குட்கா துப்பி வைத்திருப்பான். இந்தக் கண்றாவிக்கு நடுவில் அவருடைய மெஷின் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத் துடைக்கவென்று ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தார். விசாலம் வாராவாரம் சோடா போட்டுத் துவைத்துத் தருவாள். அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது.

தொண்ணூறுகளின் கடைசியில் சாஹேப், காது கேட்கும் கருவிக்கான பிளாஸ்டிக் துண்டுகளை வார்க்கும் டை, அதாவது எஃகு அச்சு, செய்யும் ஆர்டரைப் பிடித்தார். நல்ல ஆர்டர், ஆனால் பொடி வேலை. அரை மில்லி கட்டரால் எஃகில் காடி எடுக்க வேண்டும். ஊசிமுனை அளவு கட்டர் அது. அதைப் பிடித்துச் சுழற்றுகிற ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் சுற்றாவது சுற்றினால்தான் கட்டர் எஃகை வெட்டும். இல்லாவிட்டால் தேய்க்கும், தேய்த்துத் தேய்த்து ஒடியும். இவர்களிடம் இருந்த ஸ்பிண்டில் ஆறாயிரம் சுற்று. இரும்புப் பாளத்தைச் செதுக்குவதற்கென்று செய்த தடியன்.

கட்டர் ஒடிந்தது. ஒடியாமல் என்ன செய்யும்? மேனேஜர் பாலச்சந்திரன் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, ஒடித்தவன் பெயரைத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். கோயமுத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷமான ஆள். பேச்சில் தேன் ஒழுகும். வடா பாவ் தின்ற கையைத் துடைக்காமல் சாக்பீஸ் பிடிப்பார். பலகையில் கோவிந்தராஜன் பெயரே முதலில் நின்றது, எண்ணெய் விரல் தடத்தோடு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்று வருஷம் விடாமல் கத்தினார். கை மேல் தப்பில்லை, ஸ்பிண்டில் மேல்தான் தப்பு என்று சாஹேபிடம் மராத்தியில் சொன்னார், மேனேஜரிடம் தமிழில் சொன்னார். கடைசியில் இரண்டாயிரத்து மூன்றில் சாஹேப் இறங்கி வந்தார். இரண்டு ஸ்பிண்டில்களைப் பரீட்சை பார்ப்பது, பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் கோவிந்தராஜன், அவர் எழுதுவதுதான் முடிவு என்று ஏற்பாடு.

ஒன்று பாலச்சந்திரன் கொண்டுவந்தது. பதினைந்து குதிரைச் சக்தி, எட்டாயிரம் சுற்று. பழைய தடியனுக்கு அண்ணன். அரை மில்லி கட்டரைப் பிடிக்கப் பதினைந்து குதிரை எதற்கு என்று கேட்டால், "சக்தி இருந்தா நல்லதுதானுங்கண்ணா" என்று பல்லைக் காட்டினார். அவர் நீட்டிய கேட்லாக்கில் சட்னி ஒட்டியிருந்தது. கோவிந்தராஜன் அதைத் தொடவே இல்லை. இன்னொன்று கோவிந்தராஜன் கேட்டு வரவழைத்தது. முழங்கை நீளம்கூட இல்லாத சின்ன ஸ்பிண்டில், நாற்பதாயிரம் சுற்று. ஏஜென்ட் கம்பெனியிலிருந்து ரீனா என்ற பெண் அதைக் கொண்டுவந்து மாட்டினாள். வானவடியில் வளர்ந்த மிலிட்டரி வீட்டுப் பெண், முதல் வேலை. இங்கிலீஷ் கலந்த தமிழில் அவரை 'அங்கிள்' என்றாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, கல்யாணத்தன்றுகூட வராத சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் வந்தது.

மாட்டி முடித்த நாள் தசராவுக்கு முந்தின நாள். பட்டறையில் பூஜை. சாஹேப் தேங்காய் உடைப்பார், மூத்த தொழிலாளி மெஷின்களுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார். பத்து வருஷமாக அது கோவிந்தராஜன் வேலை. குளித்து முழுகி, துவைத்த சட்டையில் வந்து, குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் கட்டர் மாட்டுகிற ஸ்பிண்டில் வாயில் கட்டைவிரலால் ஒரு பொட்டு அழுத்தி வைத்தார். புதுசுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தார். பிறகு சாமந்தி மாலை, பேடா, லீவு.

லீவு முடிந்து வந்ததும் வெள்ளைத் துணியால் மெஷினைத் துடைத்துவிட்டு சாஹேப் முன்னால் பரீட்சையை ஆரம்பித்தார். முதலில் ஆட்டம் பார்க்க வேண்டும். ஸ்பிண்டில் சுற்றும்போது கட்டர் முனை இம்மியும் ஆடக்கூடாது. இரண்டு மூன்று மைக்ரான் வரை மன்னிக்கலாம். டயல் கேஜை வைத்துச் சுற்றினால் முள் பதினெட்டு மைக்ரானுக்கு ஓடியது. தலைமுடியில் நாலில் ஒரு பங்கு. அரை மில்லி கட்டருக்கு அது மரண தண்டனை. நம்பாமல் ஓட்டிப் பார்த்தார். ஒடிந்தது. இன்னொன்று. ஒடிந்தது. ஐந்து கட்டர் வரிசையாகப் போயின. பாலச்சந்திரன் பின்னால் நின்று காதைக் குடைந்துகொண்டே சிரித்தார்.

"உள்ள க்ளீன் பண்ணீங்களா அங்கிள்? ஒரு தடவ கழட்டிப் பாக்கலாமா?" என்றாள் ரீனா.

கோவிந்தராஜனுக்கு மண்டைக்கு ஏறியது. அவரைப் பார்த்து, சுத்தம் செய்தாயா என்று, நேற்றுப் பிறந்தது கேட்கிறது. "இருபத்திரண்டு வருசமா தொடைக்கிறன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா? தூக்கிக்கினு போ இந்தக் குப்பைய." மூன்று வருஷம் இதற்காகவா தொண்டை கிழியக் கத்தினோம் என்று அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த ஆத்திரத்திலேயே எழுதினார்: சின்ன ஸ்பிண்டில் ஆட்டம் அதிகம், லாயக்கில்லை. பெரியது ஆறு மைக்ரான், பரவாயில்லை. கையெழுத்து.

பெரியது வந்து உட்கார்ந்தது. பாலச்சந்திரன் அந்த ரிப்போர்ட்டைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, இனி யாரும் ஸ்பிண்டில் மேல் பழி போட முடியாது என்று அறிவித்தார். ஒரு மாதத்தில் பத்துக் கட்டர் ஒடித்தவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று புதுச் சட்டமும் போட்டார். கோவிந்தராஜனுக்கு அந்த மெஷினைத் தொடவே வெறுத்துப்போய், பெரிய வேலைகளுக்கு மாறிக்கொண்டார். பொடி வேலை இன்னொரு தொழிலாளியான ஜெயசீலன் தலையில் விழுந்தது. கட்கியில் குடியிருந்தான். அவன் வீட்டாருக்கு வேலூர்ப் பக்கம். வாயில்லாப் பூச்சி. மாதம் ஏழு ஒடியும், எட்டு ஒடியும், பலகையைப் பார்த்துப் பார்த்தே சோறு இறங்காமல் இளைத்தான். ஒருநாள் அவன் கட்டர் மாட்டுவதைப் பார்த்த கோவிந்தராஜன், "கை நடுங்குதுடா உனக்கு. டாக்டர்கிட்ட காமி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். ஜெயசீலன் போனான். மாத்திரை வாங்கி விழுங்கினான். ராத்திரியில் வெறும் கையை நீட்டி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். அவன் மனைவி பானு விசாலத்திடம் சொல்லி அழுதாள்.

அடுத்த தசரா வந்தது. அந்த மாதம் ஜெயசீலன் கணக்கு ஒன்பதில் நின்றது. வழக்கம்போலக் கோவிந்தராஜன் குங்குமத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு பெரிய ஸ்பிண்டிலிடம் போனார். அதன் வாய் டம்ளர் வாய் போல அகலம். விளிம்பில் பொட்டு வைத்தார். விரலை எடுக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. சின்னதின் வாய் எவ்வளவு இருந்தது? கட்டைவிரல் அளவு. போன வருஷம் அழுத்தியபோது விரல் உள்ளே போய் அடைத்ததே. துணி அந்தச் சந்துக்குள் எப்படிப் போயிருக்கும்?

சே, குங்குமம் எப்படி அழுக்காகும் என்று ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் உடம்பு கூசியது.

ஸ்டேஷன் எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ரீனாவுக்குப் போன் போட்டார். கைக்குட்டை சுற்ற மறந்துவிட்டார்.

"ஆமா அங்கிள். திரும்பி வந்தப்போ உள்ள செகப்பா காஞ்சு ஒட்டியிருந்துச்சு, அதான் கட்டர் சாஞ்சு நின்னிருக்கு. தொடச்சதும் ரெண்டு மைக்ரான்தான். சிஞ்ச்வட்ல ஒருத்தர் வாங்கிட்டார், நல்லா ஓடுது. நான் அன்னைக்கே சொல்ல ட்ரை பண்ணேன், நீங்க ரொம்ப கோபமா இருந்தீங்க."

மறுபடி பட்டறை திறந்ததும் பாலச்சந்திரனிடம் போய்ச் சொன்னார். அவர் டிபன் டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"விட்டுப்போடுங்கண்ணா. சாமி காரியத்துல ஆனதுங்க. கையெழுத்து உங்களுது, மெஷின் வாங்கினது நானு. வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கமுங்க."

அசிங்கம். ஊரையெல்லாம் பார்த்துக் கோவிந்தராஜன் ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தை. இப்போது பருப்புச் சோறு ஒட்டிய வாயிலிருந்து அது வந்து தன் மேல் விழுந்தது. துடைத்துக்கொள்ள வழியில்லை. எதிரில் இருக்கிற ஆளைவிடத் தன்மேல்தான் அவருக்கு அதிகமாகக் குமட்டியது. இவனாவது கையைத்தான் கழுவவில்லை.

பதினோரு மணிக்கு ஜெயசீலன் மெஷினிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பத்தாவது. ஜெயசீலன் மெஷினை நிறுத்திவிட்டு, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பாலச்சந்திரன் சாக்பீஸோடு வந்தார்.

கோவிந்தராஜன் குறுக்கே போய், பிசுபிசுத்த அந்தக் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினார். தன் வெள்ளைத் துணியால் பலகையிலிருந்த ஒன்பது வரிகளையும் அழித்தார். அந்த இடத்தில் கோவிந்தராஜன் என்று பத்துத் தடவை எழுதினார். அப்புறம் பக்கத்தில் ஒட்டியிருந்த ரிப்போர்ட்டில் தன் கையெழுத்துக்குக் கீழே, தெரிந்த மராத்தியில் பேனாவால் எழுதினார்: பரீட்சை தப்பு. சின்ன ஸ்பிண்டிலின் வாய்க்குள் குங்குமம் இருந்தது. வைத்தது நான். மறுபடி கையெழுத்து.

"பத்து ஆயிருச்சுங்களே அண்ணா" என்றார் பாலச்சந்திரன் மெதுவாக.

"எண்ணித்தான் எழுதினன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பத் தன் டிபன் டப்பாவை எடுக்கப் போனார் கோவிந்தராஜன்.

ஜெயசீலன் அதுவரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணே இது?" என்று பின்னாலேயே வந்தான். கோவிந்தராஜன் விரலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தார். துப்பியிருந்தால் துடைத்துக்கொள்ளாமல் நின்றிருப்பார்.

ஜெயசீலன் கோபப்படவே இல்லை. கருத்து எண்ணெய் படிந்திருந்த தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டி, அவற்றையே பார்த்தான்.

"அப்போ என் கை நடுங்கலியாண்ணே?"

கோவிந்தராஜன் அந்தக் கைகளை அழுக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இல்லடா" என்றார். "நான்தான் அப்பிடிச் சொன்னன்."