முள்ளுக் கொப்போட வந்த தமையன்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, மார்ச் மாதம். நான் அப்ப ரொறன்ரோவில டோர்செட் பார்க் பக்கம் ஒரு அப்பாட்மென்ரில இருந்தன். ஆபிரிக்காவுக்கு ஆக்களைச் சுற்றுலா அனுப்புற ஒரு சின்னக் கொம்பனியில வான் ஓடுற வேலை. முதலாளி ஒரு வெள்ளைக்கார மனிசி, நல்லவ.

அவ தென்னாபிரிக்காவில சூலு எண்ட இனத்தவையின்ர ஒரு கிராமத்தில இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தா. அவருக்கு என்ர வயசுதான் இருக்கும். அவற்ற ஊரவை தங்கட மாடு மேய்ஞ்ச நிலத்தில பாதியைக் காட்டு மிருகங்களுக்கு விட்டுக் குடுத்தவை. காவலும் ஊராக்கள்தான். மிருகம் பாக்க வாற வெளிநாட்டுக்காரரைத் தங்கட வீடுகளிலேயே தங்க வைச்சு, அந்த வருமானத்தில பள்ளிக்கூடம் கட்டினவை. "சிறுத்தை என்ர ஆட்டைப் பிடிச்சால் ஆர் பதில் சொல்லுறது?" எண்டு சண்டைக்கு வந்த ஆக்களை வீடு வீடாப் போய்ச் சம்மதிக்க வைச்சவர் இவர்தானாம். இதையெல்லாம் இங்க நூலகங்களிலயும் தேவாலய மண்டபங்களிலயும் படம் காட்டிச் சொல்லுவார். ஸ்லைட் மாத்துறது நான். அவர் விரலை ஆட்டினால் பட்டனை அமத்துவன். பாதி நேரம் நித்திரைதான், உண்மையைச் சொன்னால் என்ன!

ரண்டு கிழமை ஒரே வானில திரிஞ்சம். என்ர மனிசியின்ர புட்டும் மீன்குழம்பும் எண்டால் அவருக்கு உயிர். ஒருநாள் காலமை வானுக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சிட்டார். நான்தான் ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டு ஓடினன். பின்னேரமே ஆள் போட்டுது. ஐயோ, பக்கத்தில ஒரு சொந்தக்காரர் இல்லாமல்!

உடம்பை விமானத்தில அனுப்பியாச்சு. பத்து நாள் கழிச்சு அவற்ற தமையன் வாறார் எண்டிச்சினம். உடம்பு போனாப் பிறகு இவர் என்னத்துக்கு வாறார் எண்டு எனக்கு விளங்கேல்லை. வந்தவற்ற கையில ஒரு காய்ஞ்ச முள்ளுக் கொப்பு. நேர ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டு போனன், தம்பி செத்த அறை அந்த நேரம் வெறுமையா இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு கனநேரம் மெல்லமா என்னவோ சொன்னார். பிறகு வானில ஏறி, கொப்பைப் பக்கத்துச் சீற்றில வைச்சுப் பெல்ற்றும் போட்டுவிட்டார். "எயார்போட்டில நான் நிப்பன், கொண்டு வந்து விடு. அவர் கதைக்க மாட்டார்" எண்டு மட்டும்தான் முதலாளி எனக்குச் சொன்னவ.

கவலையில கதைக்க மாட்டாராக்கும் எண்டு நான் நினைச்சன். எங்கட பழக்கம் தெரியும்தானே. செத்த வீட்டில ஒருத்தர் வாய் திறக்காமல் இருந்தால் விடுவமே? கிட்டப் போய் இருந்து, என்னெண்டு நடந்தது, கடைசியா என்ன சொன்னவர் எண்டு கேட்டுக் கேட்டு அழ வைச்சால்தான் எங்களுக்கு நிம்மதி. திரும்பிப் பாத்தன். மனிசன் கொப்பைப் பாத்து முணுமுணுத்துக்கொண்டு வாறார். பாவம், மூளை கலங்கப் போகுது எண்டு பயந்து, ஒரு கோப்பிக் கடையில நிப்பாட்டித் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில ஏறி இருந்தன். தாய் இருக்கிறாவோ எண்டு கேட்டன். கையைக் காட்டி வேண்டாம் எண்டார். நான் விட்டனே? அவற்ற கையைப் பிடிச்சு, "உங்கட தம்பி கடைசியா இந்த வானுக்குள்ள உங்கட பேரைத்தான் சொன்னவர்" எண்டன்.

"என்ன சொன்னவன்?" எண்டு கேட்டிட்டார். கேட்ட உடன வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணால தண்ணி ஓடுது. "நான் அவனோட மட்டும்தான் கதைக்கலாம். இப்ப அவன் எங்க நிக்கிறானோ தெரியாது. வானைத் திருப்பு" எண்டார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. அந்த முள்ளு மரத்தின்ர படத்தை எத்தினை தரம் மாத்தியிருப்பன்! அவற்ற ஊராக்கள் தாங்கள் காக்கிற காட்டில அதை விறகுக்கும் வெட்ட மாட்டினம். ஊரை விட்டுப் போய்ச் செத்தவையின்ர உயிரை அதின்ர கொப்பிலதான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். கொண்டு போறவர் வழியில வேற ஒருத்தரோடயும் கதைக்கப்படாது. கதைச்சால் உயிர் கொப்பை விட்டிடும், செத்த இடத்துக்குப் போய்த் திருப்பிக் கூப்பிட வேணும். செத்தவர் ஒவ்வொரு கூட்டத்திலயும் சொன்னதுதான். நான் விரலை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன், விசரன்.

திரும்பிப் போனம். அந்த அறையில இப்ப வேற நோயாளி. உள்ளுக்க விட ஏலாது எண்டிட்டா நேர்ஸ். கெஞ்சிப் பாத்தன், அவவும் என்ன செய்வா? விமானத்துக்கும் நேரமாகுது. அவர் வெளியில வந்து, பார்க்கிங்கில பனிச் சேத்துக்க முழங்காலில நிண்டு, அந்த யன்னலைப் பாத்துக் கொப்பை உயத்திப் பிடிச்சுத் தம்பியின்ர பேரைக் கத்திக் கத்திக் கூப்பிட்டார். போற வாற சனம் பாக்குது. நாங்களும் சண்டையில செத்த எத்தினை பேரை இப்பிடிக் கூப்பிட ஆளில்லாமல் ஊரில விட்டிட்டு வந்தனாங்கள் எண்டு நினைச்சன். பிறகு கொப்பை மடியில வைச்சு இறுக்கிப் பிடிச்சபடி எயார்போட் மட்டும் வந்தார். நான் மூச்சும் காட்டேல்லை.

ரண்டு மாதம் கழிச்சு முதலாளி அந்த ஊருக்குப் போட்டு வந்தா. அடக்கம் முடிஞ்சுதாம். ஆனால் தாய்க்காரி இவவின்ர கையைப் பிடிச்சு, "என்ர பிள்ளை வந்திட்டானோ, இல்லாட்டி அங்கதான் நிக்கிறானோ?" எண்டு கேட்டவவாம்.

இப்பவும் அந்த ஹொஸ்பிற்றல் பக்கம் போனால் பார்க்கிங்கில இறங்கி, "வீட்டை போங்கோ, அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா" எண்டு தமிழில சொல்லிப்போட்டு வாறன். அவருக்கு விளங்குமோ தெரியாது, ஆனால் கதைச்சுக் கெடுத்தவன் நான், வேற என்னத்தைச் செய்ய?